வாய்க்கால் எஞ்சினியரும் நாலு கம்பியும்

எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வந்து அவர் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தையே ஒரு கேள்விதான். கலியாணத்துக்கு மறுநாள் காலை. வாப்பா அவரை விறாந்தையில் உட்கார வைத்து வீட்டுப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். தங்கச்சிக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு அது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் வாப்பாவும் உம்மாவும் கலியாணமாகாத நானும் பின்னறைகளுக்கு ஒதுங்கியிருந்தோம். தலைக்கு மேலே கூரையைத் தாங்கி ஓடிய முதிரைமர வளையை வாப்பா கையால் காட்டினார்.

"மருமகன், இது எங்கட வாப்பா போட்டது. யானை ஏறி நிண்டாலும் அசையாது."

புதுமாப்பிள்ளை அண்ணாந்து அதை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். "எவ்வளவு காலமா மாமா பாரம் தாங்குது?" என்று கேட்டார்.

திரைக்குப் பின்னால் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. வாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பகல் முழுவதும் அந்த வளையை அவர் அடிக்கடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிற்பாடு எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது.

தங்கச்சி மாப்பிள்ளையான என் மச்சான் நீர்ப்பாசனத்தில் எஞ்சினியராக இருந்தார். மதகும் வாய்க்காலும்தான் உத்தியோகம். அவர் மனம் கிடந்ததோ வேறு இடத்தில். வெளிநாட்டில் இரண்டு வருசம் படித்தவர். சூடு தாங்கும் உருக்கு நெடுநாள் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தால் அதற்குள்ளே எப்படித் துளை விழுகிறது என்பதுதான் படிப்பு. தகப்பனுக்கு நோய் கடுமையாகிப் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. உருக்குக்குப் பதிலாகச் சேறு கிடைத்தது. ஊரார் அவருக்கு 'வாய்க்கால் எஞ்சினியர்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைப் பரப்பியதில் எனக்கும் பங்குண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

பாரம் எவ்வளவு என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. எவ்வளவு காலமாக என்றுதான் கேட்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் குசினிக்குள் போய் மேசையிலிருந்த சாமான்களையெல்லாம் இடம் மாற்றி வைப்பார். தண்ணீர்ப் பானை இருந்த இடத்துக்கு மாப்போத்தல் வரும், மாப்போத்தல் இருந்த இடத்துக்கு அம்மி வரும். "மேசைக்கும் லீவு குடுக்கணும்தானே" என்பார். உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தங்கச்சி வாரத்துக்கு ஒருநாள் கறியைக் கெடுத்தாள்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். எங்கள் ஒழுங்கையில் ஒரு தையல்காரர் இருந்தார். அவருக்கும் அவருடைய காக்காவுக்கும், அதாவது அண்ணனுக்கும், பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் காற்சட்டை தைக்கக் கொடுக்கப் போன மச்சானிடம் அவர் தன் காக்கா செய்த அநியாயத்தையெல்லாம் அளந்திருக்கிறார். மச்சான் கேட்டுவிட்டு, "எவ்வளவு காலமா கதைக்காம இரிக்கீங்க?" என்றாராம். தையல்காரர் விரல் மடித்து எண்ணிப் பார்த்தார். பதினாலு வருசம். "அப்ப கெதியா கதைங்க. இன்னும் கொஞ்சம் போனா ரெண்டு பேருக்கும் காரணமே மறந்திரும். பொறகு சேர வழியில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த பெருநாளைக்கு அந்த இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காற்சட்டைதான் கடைசிவரை அளவாக வரவில்லை.

சூறாவளி வந்து கல்முனை முழுவதும் தென்னை சாய்ந்து கூரை பறந்து கிடந்தபோதும் அவர் மாறவில்லை. ஊரே விழுந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு திரிந்தது. அவரோ விழாமல் நின்ற சுவர்களாகப் பார்த்துத் தட்டிக்கொண்டு திரிந்தார். "விழுந்தது இனி யாரையும் கொல்லாது மச்சான். நிக்கிறதுதான் எனக்குப் பயம்" என்றார். அந்த நேரத்தில் அது எனக்கு விசர்க்கதையாகத்தான் பட்டது. இருந்தாலும் அவர் கைகாட்டிய ஒரு மதிலின் ஓரமாக நான் நடப்பதில்லை. மூன்றாம் மாதம் வெயிலில் சும்மா நின்றபடியே அது படுத்துக்கொண்டது.

இப்படிப்பட்டவருக்கு எங்கள் ஆலை அடுப்பைக் காட்டினால் என்ன ஆகும்?

நற்பிட்டிமுனைப் பக்கம் எங்களுக்கு ஒரு நெல் அவிக்கும் ஆலை இருந்தது. வாப்பா முதலாளி, நான் மேற்பார்வை. அதாவது கதிரையில் இருந்து பார்ப்பது. அடுப்பு உமியில் எரியும். அதன் மேல்வளைவு செங்கல்லால் ஆனது. அந்த வளைவை நாலு உருக்குக் கம்பிகள் மேலே இருந்து தூக்கிப் பிடித்திருந்தன. மலைநாட்டில் உடைத்த ஒரு தேயிலை ஆலையின் அடுப்பிலிருந்து வாப்பா வாங்கி வந்தவை. நெருப்பில் இளகாத சாமான் என்று சொல்லி விற்றார்களாம். பகலெல்லாம் அவை சிவந்துபோய்த்தான் நிற்கும். கீழே, அடுப்பு வாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு சாம்பல் இழுப்பவர் ஆதம்பாவா காக்கா. வாப்பாவின் காலத்து ஆள். வெற்றிலையும் பகிடிப்பேச்சும்தான் அவருடைய சாப்பாடு. சாப்பாடும் சாப்பிடுவார், அது வேறு கதை.

மச்சான் அந்த நாலு கம்பிகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி மலரவில்லை.

"எவ்வளவு காலமா?"

"எங்களுக்கிட்ட பதினொரு வருசம். தேயிலை அடுப்புல எவ்வளவு எண்டு அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்" என்றார் ஆதம்பாவா காக்கா. "ஏன் தம்பி, பிழையா?"

"தெரியாது காக்கா. இத உள்ளுக்குள்ள பாத்தா நெல்லு மூட்டை அடுக்கின மாதிரி இரிக்கும். சின்னச் சின்ன மணி, மணிக்கும் மணிக்கும் இடையில ஒரு இடுக்கு. சூட்டுல பாரத்தத் தாங்கிக்கிட்டே நிண்டா, அந்த இடுக்குகள்ல கண்ணுக்குத் தெரியாத துளை விழும். ஒண்டு, ரெண்டு, பத்து. ஒவ்வொண்டும் கொஞ்சங் கொஞ்சமா வளரும். பக்கத்துப் பக்கத்துத் துளை சேரும். எல்லாம் ஒரு வரிசையாச் சேந்திட்டா முடிஞ்சிது."

"அப்ப இப்ப எத்தின துளை இரிக்கி?"

"அதத்தான் கணக்குப் போட்டுப் பாக்கணும்."

ஆதம்பாவா காக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கெதியாப் போடுங்க தம்பி. எண்ட மண்டைதான் அதுக்குக் கீழ இரிக்கி" என்றார். எல்லாரும் சிரித்தோம். மச்சான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மண்டை அவருடைய பொறுப்பாகிவிட்டது.

வெளிநாட்டில் அந்தக் கணக்கைக் கம்பியூட்டரில் போடுவார்களாம். எங்கள் ஊரில் அப்போது அந்தச் சொல்லைக்கூடப் பலர் கேட்டிருக்கவில்லை. மச்சான் மருதமுனைக்குப் போய், சாரன் நெசவுக்குக் கோலம் கீறும் கட்டத்தாள் ஒரு கட்டு வாங்கி வந்தார். ஒவ்வொரு தாளிலும் கம்பியின் குறுக்குவெட்டைக் கீறி, கோணல்மாணலாக மணிகளை வரைந்து, இடுக்குகளுக்கு ஒன்று முதல் நூறுவரை வரிசையாக இலக்கம் போட்டார். இருபத்தேழுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு, அப்படி. கம்பி இதுவரை எரிந்த காலத்துக்கான துளைகளை உத்தேசமாக முதலிலேயே தாளில் போட்டுக்கொண்டார். பிறகு நூறு புளியங்கொட்டைகளில் அதே இலக்கங்களை எழுதி ஒரு மண்முட்டிக்குள் போட்டார். கண்ணை மூடி ஒரு கொட்டையை எடுத்தால் அந்த இலக்கத்தில் ஒரு துளை பிறக்கும். எடுத்த கொட்டை திரும்ப முட்டிக்குள் போகும். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை. ஒரு சுற்று முடிந்தால் அடுப்பு ஒரு வாரம் எரிந்ததாகக் கணக்கு. பழைய துளைகளை ஒரு சூத்திரப்படி கொஞ்சம் பெருப்பிப்பார். ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் ஒன்றாகும். தாளின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை துளைகள் சேர்ந்துவிட்டால் கம்பி போனது. ஒருதரம் போட்டுப் பார்த்தால் அது அதிர்ஷ்டம், முப்பது தாள் போட்டால்தான் கணக்கு என்று சொன்னார்.

கொட்டை எடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தங்கச்சி கைப்பிள்ளைக்காரி. நான் இரண்டு நாள் எடுத்துவிட்டு நித்திரையாகிவிட்டேன். மூன்றாம் நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு, திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

"அந்த முட்டிய இஞ்சால தள்ளச் சொல்லுங்க. நான் எடுத்துத் தாறன்."

மாமி மருமகனுக்கு முன்னால் வருவது எங்களுக்குள் அந்தக் காலத்தில் இல்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் முகம் காட்ட மாட்டார்கள். கலியாணமாகி நாலு வருசமாக உம்மா மருமகனோடு சுவரைப் பார்த்துத்தான் கதைத்திருந்தார். இப்போது முட்டி திரைக்கு அந்தப் பக்கம், தாள் இந்தப் பக்கம்.

"மகன், அறுவத்தி ஒண்டு."

"சரி மாமி."

"மகன், இருவத்தேழு. பாவம்."

ஒவ்வொரு துளைக்கும் உம்மா பாவம் சொன்னார். சிலவேளை "அல்லாஹ் காப்பாத்தணும்" என்றும் சேர்த்துக்கொண்டார். மாமியும் மருமகனும் அந்த இரண்டு மாதத்தில் கதைத்த அளவுக்கு எங்கள் ஊரில் எந்த மாமியும் மருமகனும் கதைத்திருக்க மாட்டார்கள். கதைத்ததெல்லாம் வெறும் இலக்கம் என்பதால் யாரும் குறை சொல்லவும் வழியில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, 'இண்டைக்கு எத்தின ஓட்டை' என்று விசாரித்துப் போனார்கள்.

முப்பது தாளும் முடிந்தது. எந்தத் தாளிலும் நாலு வருசத்துக்குக் குறைந்து வரிசை சேரவில்லை. வாப்பா சந்தோசத்தில் கிடாய் அறுத்தார். ஆதம்பாவா காக்கா மூன்று பேரின் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, நாலு வருசத்துக்குத் தன் மண்டைக்கு உத்தரவாதம் கிடைத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மச்சான் மட்டும் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். எனக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அவருடைய பங்கையும் நான் எடுத்திருக்க மாட்டேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு பின்னேரம் அவர் தங்கச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் கண்ணுக்கு முன்னால் கொட்டை எடுக்கச் சொன்னார். ஐந்து நாள் அதே வேலை. ஆறாம் நாள் அஸர் தொழுதுவிட்டு விறாந்தைக்கு வந்தார். வாப்பாவும் நானும் ஆதம்பாவா காக்காவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, அடுப்ப அணைக்கணும்."

"என்னத்துக்கு?"

"கம்பி இந்தப் போகம் முடியுமட்டும் தாங்காது. மிஞ்சினா நாலு கிழமை."

வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். பெரும்போக நெல்வெட்டு நேரம் அது. இறக்காமத்திலிருந்து வந்த நெல் இரண்டு தொட்டி நிறைய ஊறிக்கொண்டிருந்தது. ஊறிய நெல்லை அவிக்காமல் விட்டால் மூன்றாம் நாள் நாறும். யானைக்கும் மழைக்கும் தப்பிவந்த நெல். ஊர்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

"நாலு வருசம் எண்டு நீங்கதானே மருமகன் சொன்னீங்க?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குக் கணக்குப் பிழைச்சிட்டு மாமா."

"கம்பி ஒரு நூலாவது நீண்டிரிக்கா? வளைவு இறங்கி இரிக்கா?"

"இல்ல மாமா. அதுதான் பயம். நீண்டு காட்டிட்டு முறியிற சாமான் இல்ல இது. உள்ளுக்குள்ள துளை சேந்தா நீளாமலே போயிரும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதல்ல. "மச்சான், வாய்க்கால்ல தண்ணி அளக்கிற கணக்கக் கொண்டுவந்து நெருப்புல போட்டா இப்பிடித்தான்" என்றேன். வாப்பா சிரித்தார். ஆதம்பாவா காக்காவும் சிரித்துவிட்டு, "நாலு வருசமும் தம்பிட கணக்கு, நாலு கிழமையும் தம்பிட கணக்கு. எண்ட மண்டை எதை நம்புறது?" என்று கேட்டார். மனைவி வீட்டில் இருக்கும் மாப்பிள்ளைக்கு இதைவிட அவமானம் கிடையாது. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. "என்னப் பாத்து எவ்வளவும் சிரிங்க மாமா. அடுப்ப மட்டும் அணையுங்க" என்று நின்ற இடத்திலேயே நின்றார்.

திரை விலகியது.

உம்மா முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். மருமகனுக்கு முன்னால், வெளியாள் முன்னால், பட்டப்பகலில். வாப்பா எழும்பியே விட்டார்.

"அவர்ர கணக்குல பிழை இல்ல" என்றார் உம்மா. "நான்தான் நம்பர மாத்தினன்."

ஆதம்பாவா காக்காவின் கை தானாகத் தலைக்குப் போனது.

"ஒரு ஓட்டை விழுந்திரிக்க, அதுக்குப் பக்கத்து நம்பர் கையில வந்தா, அத முட்டிக்குள்ளேயே போட்டுட்டு வேற எடுத்தன். இருவத்தேழுக்குப் பொறகு இருவத்தெட்டு வந்தா நான் சொல்லல்ல. முப்பது தாளுலயும் அப்பிடித்தான். இந்தப் புள்ள அதக் கண்டுபிடிச்சும், என்னக் காட்டிக் குடுக்காம, தண்ட தலையில போட்டுக்கிட்டு நிக்கிது. நீங்க மூணு பேரும் சிரிக்கிறீங்க."

வாப்பா உம்மாவைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், கடைசியில் ஆதம்பாவா காக்காவின் தலையைப் பார்த்தார். "அணைங்கடா அடுப்ப" என்றார். அந்த 'டா' எனக்குத்தான்.

ஊறிய நெல்லுக்கும் உம்மாவே வழி சொன்னார். பள்ளிவாசலில் கந்தூரிக்குச் சோறாக்கும் கிடாரங்கள் பதினெட்டு இருந்தன. இருட்டுவதற்குள் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கல் வைத்து அடுப்பு மூட்டியாகிவிட்டது. வீட்டுக்கு வீடு பெண்கள் வந்து நெல் அவித்தார்கள். தையல்காரர் மதினிமாருக்குத் தண்ணீர் தூக்கினார். நான் கதிரையை விட்டு எழுந்து மூட்டை சுமந்தேன் என்றால் நம்புவீர்களோ தெரியாது, அந்தத் தோள்வலி எனக்கு ஒரு கிழமை இருந்தது. இரண்டு நாளில் இறக்காமத்து நெல் முழுவதும் அவிந்து வெயிலில் காய்ந்தது. ஒரு மணிகூட நாறவில்லை.

மூன்றாம் நாள் காலை அடுப்பு ஆறியிருந்தது. செங்கல்லை எடுத்துவிட்டு நாலு கம்பிகளையும் இறக்கினோம். ஆதம்பாவா காக்காதான் சம்மட்டி எடுத்தார். முதல் கம்பியை ஓங்கி அடித்தார். வளைந்தது, முறியவில்லை. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவதும் அப்படித்தான். வாப்பா தொண்டையைச் செருமினார். எனக்கு மச்சானின் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை. நாலாவது கம்பிக்குச் சம்மட்டி முழுதாக ஓங்கப்படவும் இல்லை. கை தவறிப் பட்ட அடிதான். இரண்டு துண்டாகச் சிமெந்துத் தரையில் உருண்டது.

மச்சான் குனிந்து ஒரு துண்டை எடுத்து முறிந்த முகத்தை எங்களுக்குக் காட்டினார். பெரும்பகுதி கறுத்துப் போயிருந்தது. ஓரத்தில் ஒரு நகக்கண் அகலம் மட்டும் பளிச்சென்று மின்னியது. "கறுப்பெல்லாம் முந்தியே பிரிஞ்சது. இந்த மினுக்கம் மட்டுந்தான் இவ்வளவு நாளும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிண்டது" என்றார். ஆதம்பாவா காக்கா சம்மட்டியை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் என் மச்சானைக் கட்டிப்பிடித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

பகல் வீட்டில் சோறு. வாப்பா, மச்சான், ஆதம்பாவா காக்கா, நான், நாலு பேரும் ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். உம்மா தன் கையாலேயே இறைச்சி ஆணச் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். போகவில்லை. அங்கேயே நின்றார்.

"மகன், நீங்க என்னை மாப்புச் செய்யணும். கடதாசியில ஓட்டை சேராட்டி கம்பியிலயும் சேராது எண்டு நினைச்சன். இந்த மனிசன் அதுக்குக் கீழதானே இருந்து வெத்திலை போடுது. அவர்ர தலையில விழுற நம்பர நான் எப்பிடி எண்ட வாயால சொல்ற?"

உம்மாவின் குரல் உடைந்துவிட்டது. மச்சான் சோற்றில் கை வைத்தபடி இருந்தார்.

"மாமி, நீங்க மாத்திறீங்க எண்டு எனக்கு முதல் தாளுலேயே சந்தேகம். உலகத்துல துளை அவ்வளவு நீதியா விழாது. எண்டாலும் நாலு வருசம் எண்டு வந்ததும் எனக்கும் ஆசையாப் போச்சு. கிடாய் அறுத்த பொறகும் பதினைஞ்சு நாள் வாயப் பொத்திக்கிட்டு இருந்தன். உங்கட பிழை அன்பு. எண்ட பிழைதான் பிழை."

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது. எதையும் எவ்வளவு காலமாக என்று கேட்கும் மனிதர், அந்தப் பதினைந்து நாளையும் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உம்மா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாப்பா எங்கோ பார்த்தார். சகனில் யாருடைய கையும் அசையவில்லை.

ஒரு கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் அழுது முடிச்சிட்டா" என்றார் ஆதம்பாவா காக்கா, வாய் நிறையச் சோற்றோடு, "இந்தப் பக்கம் கொஞ்சம் ஆணம் ஊத்துங்க."